உன் அம்மா படித்த ஐந்தாவது பாடம்

தம்பி,

இந்தக் கடிதத்தை அங்கே கட்டாரில் லொறி ஓட்டும் நாளில் இடையில் நிறுத்திப் படிக்காதே. வேலையில்லாத வெள்ளிக்கிழமை, சாப்பிட்டு முடித்து, தனியாக உட்கார்ந்து படி. முதலில் நீ படி. பிறகு யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டு, மறைக்க வேண்டாம். மறைத்தது போதும் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் போனில் கேட்டாய், கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது அம்மா ஏன் கித்துல்கலவில் சின்னம்மா வீட்டில் போய் இருக்கிறாள் என்று. முழங்கால் வலிக்கு அங்கே ஒருவர் சிங்கள வைத்தியம் பார்க்கிறார், எண்ணெய் கட்டுகிறார் என்று சொன்னேன். அது பொய். அவள் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. அவள் என்னை விட்டுப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உன் கல்யாணத்தில் பாத பூஜைக்கு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைப்பாய் அல்லவா, அப்படி என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நாற்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள். அவள் சொன்னது நியாயம். அந்த நியாயத்தை உனக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனை எடுத்தால் உன் குரல் கேட்டதும் கல்யாண மண்டபம், பத்திரிகை, பெண் வீட்டார் என்று பேச்சு போய்விடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ சின்னதில் கிடந்து வளர்ந்த பிள்ளைக்காம்பரா நினைவிருக்கும். தாய்மார் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற அந்த நீளக் கட்டடம்தான். போன வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் அதற்கு வெள்ளையடித்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்காக நாலு கம்ப்யூட்டர் வைத்து, இன்டர்நெட்டும் எடுத்துக் கொடுத்தது. கேகாலையிலிருந்து நிரோஷா என்ற பிள்ளை தினமும் பஸ்ஸில் வந்து சொல்லிக் கொடுக்கிறாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வரைக்கும் காலையில் கம்ப்யூட்டர்கள் சும்மாதான் கிடக்கும். அப்படிக் கிடக்க வேண்டாம் என்று அவள் ஒரு வேலை செய்தாள். வெளிநாட்டில் இருக்கும் தமிழ் ஆட்கள் சிலர் வயதானவர்களுக்காக இன்டர்நெட்டில் இலவசமாகப் பாடம் நடத்துகிறார்களாம். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் சேரலாம். பத்து வாரம், வாரத்துக்கு ஒரு பாடம். படமும் பேச்சுமாக வரும், காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்கலாம். முடிவில் ஒரு கேள்வி இருக்கும். பதிலைத் தமிழில் டைப் பண்ணி அனுப்பினால், அங்கிருக்கும் ஆசிரியை படித்துப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவார். பரீட்சையும் இல்லை, சர்டிபிகேட்டும் இல்லை. தெரிந்துகொள்வதற்காகப் படிப்பது, அவ்வளவுதான்.

ஆறு பொம்பளைகளும் ஒரு ஆம்பளையும் சேர்ந்தார்கள். அந்த ஒரு ஆம்பளை சவரிமுத்து, தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல் பண்ணிக்கொண்டிருந்த அப்பு. உன் அம்மாவும் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். நாலாம் வகுப்போடு நின்றவள், அறுபது வயதை எட்டப் போகிறவள். நான் சிரித்தேன். எமனுக்குப் பரீட்சை எழுதப் போறியா என்று லயத்தில் பக்கத்து வீட்டு ஆட்கள் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். அவள் தலையை வாரிக்கொண்டு போனாள்.

முதல் வாரம் மழை எப்படி உண்டாகிறது என்று பாடம். இரண்டாம் வாரம் வானம். அடுத்து மண்ணும் மரமும், அதற்கடுத்து நம் ஆட்கள் கடல் தாண்டி இந்த மலைகளுக்கு வந்த கதை. அவள் வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லுவாள். ரப்பர் மரத்தை எங்கிருந்து கொண்டு வந்தார்கள் தெரியுமா என்று என்னைக் கேட்டாள். முப்பத்தைந்து வருஷம் கங்காணியாக அந்த மரங்களை எண்ணிக்கொண்டு திரிந்த எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. அடுப்பைப் பார், சோறு குழைகிறது என்று சொன்னேன். தம்பி, நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் நாளைக்கு எதையாவது படிக்கப் போகிறேன் என்றால், படித்துவிட்டு வந்து உன்னிடம் ஒன்றைச் சொன்னால், வேலையை நிறுத்திவிட்டுக் கேள். நான் கேட்டிருந்தால் உன் அம்மாவின் முகத்தை அந்த நாலு வாரமாவது ஒழுங்காகப் பார்த்திருப்பேன். அப்படி ஒரு முகத்தை எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

ஐந்தாவது பாடம் நம் உடம்பைப் பற்றியது. அதில் சின்னப் பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சலைப் பற்றி ஒரு பகுதி. காய்ச்சலோடு திரும்பத் திரும்ப வலிப்பு வந்து, கழுத்து விறைத்துப் போனால் என்ன அர்த்தம், எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், நேரத்தோடு கொண்டுபோனால் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றிவிடலாம் என்று அந்த ஆசிரியை படம் போட்டு விளக்கியிருக்கிறார். அன்று உன் அம்மா அடுப்படிக்குப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததும் உன் தங்கச்சியைப் பற்றிக் கேட்டாள், சுகந்திக்கு முடியாமல் போன அன்றைக்கு நிஜமாகவே பங்களாவுக்குப் போனீங்களா என்று. பதினாறு வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. போனேன், அதுதான் அப்போதே சொன்னேனே என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் அவள் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து பதில் டைப் பண்ணிக்கொண்டிருந்தபோது கண்ணீர் வடிந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த சவரிமுத்து என்ன என்று கேட்டிருக்கிறார். உன் தங்கச்சி செத்த நாளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த மனுசன் வஞ்சகம் இல்லாமல், ஆறுதலாக நினைத்து, தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டார். அன்னிக்கு கங்காணி மழையில நனைஞ்சு பங்களா கேட் வரைக்கும் வந்து நின்னாரு, குசினி ஜன்னல் வழியா பார்த்தேன், கூப்பிடலாம்னு கையைத் துடைச்சிட்டு வர்றதுக்குள்ள திரும்பிப் போயிட்டாரு, பிள்ளைக்கு முடியலைன்னு வந்தாருன்னு எனக்கு அப்ப தெரியாம போச்சே என்று.

அவள் வீட்டுக்கு வந்து இரண்டாவது தடவை கேட்டாள்.

"கேட்டுக்கு உள்ள போனீங்களா?"

நான் கத்தினேன். அந்த இடத்துக்குப் போனதிலிருந்துதான் உனக்குப் புத்தி கெட்டுவிட்டது, இனிமேல் அங்கே கால் வைக்கக் கூடாது என்றேன். மறுநாள் காலையில் அவள் வழக்கம்போலப் போனாள். நான் பின்னாலேயே போய், எல்லாருக்கும் முன்னால் அவள் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் எறிந்தேன். சவரிமுத்துவைப் பார்த்து, பங்களா எச்சில் தின்றவன் சொல்லும் பொய் என்று சொன்னேன். அந்தக் கிழவர் எழுந்து நின்றார். உன் அம்மா வீட்டுக்கு வந்தாள், இரண்டு நாள் சமைத்துப் போட்டாள், மூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது அந்த நாளைச் சொல்லுகிறேன். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. பாதி உனக்கே தெரியும். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்.

காலையில் சுகந்திக்கு உடம்பு சுட்டது. டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அம்மா வெட்டுக்குப் போனாள். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் கணக்கில் ஆள் குறையக் கூடாது என்று இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு நான் மடுவத்துக் கொட்டகையில் ரப்பர் பாலை எடை நிறுத்துக்கொண்டிருந்தபோது, பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னது. மழை கட்டிக்கொண்டு நின்றது. வாளியில் தண்ணீர் விழுந்தால் பால் கெட்டுப்போகும். இன்னும் கொஞ்சப் பேர்தானே, நிறுத்துவிட்டுப் போவோம் என்று நின்றேன். அது என் முதல் குற்றம். வீட்டுக்குப் போனபோது அம்மா எனக்கு முந்தி வந்திருந்தாள், இரண்டாம் தடவை வலிப்பு வந்து ஓய்ந்திருந்தது. கண் மேலே சொருகிக் கிடந்தது. லொறி கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று பங்களாவுக்கு ஓடினேன். துரை துண்டு எழுதிக் கொடுத்தால்தான் லொறி தோட்டத்து கேட்டைத் தாண்டும்.

அதற்கு முந்தின வாரம்தான் வேறொரு பிள்ளைக்காக லொறி வாங்கிக் கொடுத்து, அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னமே எழுந்து உட்கார்ந்து, அதற்காகத் துரை என்னைக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் அத்தனை ஆட்களுக்கும் முன்னால் நிற்க வைத்துக் கேவலமாகப் பேசியிருந்தார். இனி ஒரு தடவை காய்ச்சல், தலைவலி என்று என் வாசலுக்கு வந்தால் கங்காணி வேலையைப் பிடுங்கிவிட்டு முள்ளுக்குத்தும் கூலி வேலைக்கு அனுப்புவேன் என்றார். அன்று பங்களாவில் கொழும்பிலிருந்து விருந்தாளிகள். இரண்டு கார் நின்றது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் சாரத்தை மடித்துக் கட்டி, மேலெல்லாம் பால் கறையோடு, சேற்றுக் காலோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. என் மகள் கண்ணுக்குத் தெரியவில்லை, உள்ளே இருக்கும் துரை மட்டும்தான் தெரிந்தார். திரும்பி வந்துவிட்டேன். பயம், தம்பி. வேறு ஒன்றும் இல்லை. பெற்ற பிள்ளை அங்கே துடிக்கும்போது, ஒரு மனுசன் என்னை ஏசிவிடுவான் என்று பயந்து திரும்பினேன்.

வழியில் வரும்போதே, அவளிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன். துரை சம்மதித்துவிட்டார், டிரைவர் பியதாச குடித்துவிட்டுக் கிடக்கிறான், எழுப்பினாலும் எழும்ப மாட்டேன் என்கிறான் என்று சொன்னேன். பியதாச சம்பள நாளில் குடிக்கிறவர், அது ஊருக்குத் தெரியும். சிங்கள ஆள், லயத்துக்கு வெளியே இருக்கிறவர், எதிர்த்துக் கேட்க வர மாட்டார். அதையும் நினைத்துத்தான் அவர் பேரைச் சொல்லியிருப்பேன். அம்மா உடனே பிள்ளையைத் தூக்கி என் தோளில் போட்டு, நடந்தாவது ரோட்டுக்குப் போவோம் என்றாள். நீயும் பின்னால் ஓடி வந்தாய். முச்சந்தியில் நான் ரப்பர் மரங்களுக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் திரும்பியபோது, நீ கேட்டாய்.

"அப்பா, ஸ்டோர் பக்கமா போவோம்பா. ஏதாச்சும் வண்டி நிக்கும்."

வாயை மூடிக்கொண்டு வா என்று உன்னை அதட்டினேன். குறுக்கு வழி தூரம் குறைவு என்று உன் அம்மா நினைத்தாள். தூரம் குறைவுதான், ஆனால் மழையில் சறுக்கல், அதில் இறங்குவதற்கு நேரம் அதிகம். அது எனக்குத் தெரியும். ஸ்டோர் வழியாகப் போனால் லொறி ஷெட்டைத் தாண்ட வேண்டும். அங்கே பியதாச குடிக்காமல் நிற்பதை அவள் பார்த்துவிடுவாள். அதற்காகத்தான் அந்தப் பாதையில் இறங்கினேன். இதை இதுவரைக்கும் எந்த மனுசனிடமும், எந்தச் சாமியிடமும் நான் சொன்னதில்லை. பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பஸ் கேகாலை டவுனுக்குள் நுழையும்போது அம்மா பிள்ளையின் மூக்கில் கை வைத்துப் பார்த்தாள்.

நான் சொன்ன பொய் என் வீட்டோடு நிற்கவில்லை. சாவு வீட்டுக்கு வந்த பியதாசவை ஆட்கள் படியேற விடாமல் விரட்டினார்கள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீ அவரோடு எவ்வளவு ஒட்டுதலாக இருந்தாய். ஏழு வயதிலேயே உன்னை மடியில் வைத்து ஸ்டியரிங் பிடிக்க விட்டவர் அவர். முப்பதாம் நாள் காரியம் முடிந்த வாரம், ரோட்டோரம் லொறி டயர் மாற்றிக்கொண்டிருந்தவரை நீ கல்லால் அடித்தாய். கல் இடது கண்ணில் பட்டது. நீ மூச்சு வாங்க ஓடி வந்து, அடிச்சிட்டேன்பா என்றாய். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். பெற்ற தகப்பன் செய்யக் கூடிய ஈனமான காரியம் எது என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது. கிளை முறிந்து குத்திவிட்டது என்று அவர் டிஸ்பென்சரியில் சொன்னாராம். அந்தக் கண்ணில் பார்வை மங்கிப்போய், லைசன்ஸும் போய், வேலையும் போய், குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று நான் கேட்டதில்லை.

அம்மா கித்துல்கலவுக்குப் போன பத்தாம் நாளோ என்னவோ, நிரோஷா வீட்டுக்கு வந்தாள். நான் சென்டரில் நடந்துகொண்ட விதத்துக்கு அவள் என் முகத்தில் முழிக்கவே தேவையில்லை. ஆனாலும் மரியாதையாக ஐயா என்று கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தாள். அம்மாவின் ஐந்து பதில்களும் அதில் இருந்தன. ஐந்தாவதற்கு அந்த ஆசிரியை எழுதிய பதில் அம்மா போன பிறகுதான் வந்ததாம், அம்மாவிடம் சேர்த்துவிடுங்கள் என்றாள். நான் கவரைப் பிரித்துப் படித்தேன். படிக்கக் கூடாது, படித்துவிட்டேன்.

வானத்தைப் பற்றிய பாடத்துக்கு அவள் எழுதியிருந்தாள்: "நாற்பது வருஷம் மரத்தைப் பார்த்துத்தான் நடந்தேன். பால்வெட்டுக்காரி மேலே பார்ப்பது மழை வருமா என்று பார்க்கத்தான். மழை வந்தால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் இல்லை. இப்போதுதான் சும்மா பார்க்கிறேன்." இவ்வளவு பேசக் கூடியவள் என் வீட்டில் இருந்தாள். ஐந்தாவது பதில் நாலே வரி. "என் மகளுக்கு ஆறு வயது. காலையில் காய்ச்சலோடு விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். வலிப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் தெரிந்தது. என் கையால்தான் அவள் போய்விட்டாள் என்று பதினாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்." அதன் கீழே, எங்கோ ஒரு தேசத்தில் இருக்கும், எங்கள் முகம் தெரியாத அந்த ஆசிரியை எழுதியிருந்தார்: "அம்மா, அது உங்கள் தவறு இல்லை. யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நீங்கள் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்."

நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. ஒரே வீட்டில், ஒரே பாயில், பதினாறு வருஷம் அவள் தன்னைத்தானே கொலைகாரி என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் பக்கத்தில் படுத்திருந்தேன். அதைப் படித்த அன்றைக்கு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. பொழுது விடியும் வரைக்கும் சாகும் வழிகளைத்தான் யோசித்தேன். உன்னிடம் இனி எதையும் மறைக்கக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். கடைசியில், செத்தால் அந்தப் பொய்தான் நிலைக்கும் என்று தோன்றியது. எழுந்து சவரிமுத்து வீட்டுக்குப் போய், அவர் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். பியதாச எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். எஹலியகொட டவுனுக்குக் கொஞ்சம் இப்பால், மகள் வீட்டில் இருக்கிறார் என்று சொல்லி, வழியையும் சொல்லித் தந்தார்.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு ரோட்டில் செக்கிங் குறைந்திருக்கிறது. ஒரே பஸ்ஸாகப் போய்ச் சேரவில்லை என்றாலும் மத்தியானத்துக்குள் போய்விட்டேன். அவர் வீட்டு முன்னால் சின்னதாக ஒரு கடை. உட்கார்ந்து வெற்றிலை நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கண் வெள்ளை பூத்திருக்கிறது. என்னை அடையாளம் கண்டுகொள்ளத் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. கங்காணியா, வாங்க, உட்காருங்க என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிங்களத்தில் ஆரம்பித்தேன், பிறகு தமிழில்தான் வந்தது. அவர் பாக்குவெட்டியைக் கீழே வைக்காமல் கேட்டார். சொல்லி முடித்த பிறகுதான் அதைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"அனே கங்காணி, நான் அன்னிக்கு ஷெட்டுல இல்ல. பிள்ளைக்கு வலிப்புன்னு டிஸ்பென்சரியில சொன்னாங்க. லொறியை எடுத்து, ரோட்டுப் பக்கமா திருப்பி, ஸ்டோர் வளைவுல நிறுத்தி வச்சிருந்தேன். துண்டு வரும்னு நாலு மணி வரைக்கும் எஞ்சினை அணைக்கல."

நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். துண்டு இல்லாவிட்டாலும் நீங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் கேட்டை உடைத்துக்கொண்டு போயிருப்பேன் என்றார். ஏன் அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்குக் கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது, ஆனாலும் கேட்டேன்.

"பிள்ளையைப் பறிகொடுத்தவன் ஒரு பொய் சொல்றான். அவன்கூட நின்னு வழக்கு பேசவா?"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். பஸ்ஸுக்கு எழுந்தபோது உன்னைப் பற்றி விசாரித்தார். கட்டாரில் பெரிய லொறி ஓட்டுகிறான் என்றேன். அவருடைய நல்ல கண் கொஞ்சம் சுருங்கியது. ஸ்டியரிங் நல்லா பிடிப்பான், சின்னதுலயே கை நடுங்காது என்றார். கல் எறிந்தது நீதான் என்று அவருக்குத் தெரியும் தம்பி. அன்றைக்கே தெரியும்.

அங்கிருந்து வந்து மறுநாள் எட்டியாந்தோட்டையில் பஸ் மாறிக் கித்துல்கலவுக்குப் போனேன். உன் அம்மா சின்னம்மா வீட்டுப் பின்பக்கம் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் அந்தக் கவரைக் கொடுத்தேன். ஆசிரியையின் பதிலை விரல் வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். அழவில்லை. பிறகு நான் கேட்டில் நின்றதையும், பொய் சொன்னதையும், லொறி வளைவில் நின்றதையும், ஏன் குறுக்குப் பாதையில் இறங்கினேன் என்பதையும் சொன்னேன். கேட்டில் நின்ற கதையை அவள் ஏற்கனவே விழுங்கியிருந்தாள். பாதையைப் பற்றிச் சொன்னபோதுதான் கையிலிருந்த விறகைப் போட்டாள்.

"தம்பி கேட்டானே," என்றாள். "ஸ்டோர் பக்கமா போவோம்னு அவன் கேட்டானே."

பிறகு, மகனுக்குச் சொல்லிவிட்டீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் போய் அதைச் செய்யுங்கள், வேறு யாரையும் வைத்து எழுதாமல் உங்கள் கையாலேயே செய்யுங்கள், அவனுக்குத் தெரியாமல் உங்களோடு நான் மணவறையில் உட்கார்ந்து அவன் கையால் கால் கழுவிக்கொள்ள மாட்டேன் என்றாள். நான் பஸ்ஸுக்கு நடந்தபோது திரும்பிப் பார்த்தேன், விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

தபாலில் போட்டால் கல்யாணத்துக்கு முன் உன் கைக்கு வருமோ வராதோ. இமெயில் என்றால் அன்றைக்கே போகுமாம். யாரையும் வைத்து எழுதக் கூடாது என்பதால் நிரோஷாவிடம் போய், எனக்கும் டைப் பண்ணச் சொல்லிக் கொடு மகளே என்று கேட்டேன். அந்தப் பாடத்திலேயே சேருங்கள், அதில் முதலில் அதைத்தான் பழக்குவார்கள் என்றாள். மூன்று வாரமாகப் போகிறேன். விசைகளின் மேல் தமிழ் எழுத்துகளை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள். ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்துகிறேன். சவரிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து, கொம்பு எங்கே இருக்கிறது, சுழி எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுக்கிறார். இந்தக் கடிதத்தை அடிக்கும் நாட்களில் மட்டும் தானாகவே எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுகிறார். பதினொரு நாள் ஆயிற்று இதை முடிக்க.

நீ இதைப் படித்ததும் எனக்கு ஒரு வரி எழுது. படித்தேன் என்று மட்டும் எழுதினால் போதும். பிறகு இதைத் தாளில் எடுத்து, கோயில் மண்டபத்துப் பலகையில் ஒட்டப் போகிறேன். பியதாசவைப் படியேற விடாமல் விரட்டியவர்களில் பாதிப் பேர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு நானே நின்று வாசிப்பேன். ஊர் என்னைக் காறித் துப்பட்டும். அந்த மனுசனின் பேர் இந்தத் தோட்டத்தில் கழுவப்பட வேண்டும்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் நாளைக்குக் குடும்பஸ்தன் ஆகப் போகிற பிள்ளைக்கு ஒன்றே ஒன்று சொல்லுகிறேன். பயமாக இருந்தால், எனக்குப் பயமாக இருக்கிறது என்று உன் மனைவியிடம் சொல்லப் பழகு. அன்று கேட்டிலிருந்து திரும்பி வந்து, எனக்குப் பயமாக இருக்கிறது பாக்கியம், நீ வா, சேர்ந்து போவோம் என்று சொல்லியிருந்தால் உன் அம்மா என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருப்பாள். அவளுக்குத் துரையும் ஒன்றுதான், கொழும்பு விருந்தாளியும் ஒன்றுதான். பயத்தைச் சொல்வதை விட பொய் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்தச் சுலபத்துக்கு ஒரு பிள்ளை போயிற்று, ஒருவருக்குக் கண் போயிற்று, உன் கை பாழாயிற்று, உன் அம்மாவின் பதினாறு வருஷம் போயிற்று.

இன்னொன்று. அவளை நான் ஐந்தாவது பாடத்தில் நிறுத்திவிட்டேன். கித்துல்கலவில் அவள் இருக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் இல்லை. நான் இருக்கும் வரைக்கும் இந்தத் தோட்டத்துக்கு அவள் திரும்ப வருவாள் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை. நீ ஊருக்கு வந்ததும் அவள் மிச்சத்தைப் படிப்பதற்கு ஒரு ஏற்பாடு செய். நான் சின்னம்மா மகன் வீட்டுக்கோ வேறெங்கோ போகிறேன், அவள் இங்கே வந்து இருந்து படிக்கட்டும். அதை அவளிடம் கேட்டுச் சொல்.

கல்யாணத்துக்கு நான் வர வேண்டுமா, வேண்டாமா என்பதை நீ முடிவு செய். வராதே என்றால் வர மாட்டேன். யார் கேட்டாலும் உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டாம், காரணத்தைச் சொல். ஆனால் ஊரில் இறங்கியதும், பெண் வீட்டுக்குப் போகும் முன், எஹலியகொட ரோட்டில் இறங்கி முதல் பத்திரிகையை பியதாச மாமாவிடம் கொடு. கல்லெறிந்தது நான்தான் என்று உன் வாயால் சொல். அவருக்குத் தெரியும், ஆனாலும் சொல். அவர் தரும் தண்ணீரைக் குடி. அவர் ஏசினால் நின்று கேள், கேட்டுக்கு வெளியே நிற்காதே, உள்ளே போய் நின்று கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா